மூன்றாவது அறையில் வெண்ணெய்

லாஃபோர்ட் ஹாலோ, வெர்மான்ட்
பிப்ரவரி 10, 1991

நொயெலாவுக்கு,

முதலில் அக்கா என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

நேற்று பண்ணையில் பால் கறந்துவிட்டு வந்து மேப்பிள் சாறு காய்ச்சும் பாகுக் கொட்டகையைத் திறந்தேன். என் அடுப்பு இல்லை. அது நின்ற இடத்தில் மணலும் சூளைக்கல்லும் குவிந்து கிடந்தன. புகைபோக்கி போன ஓட்டை வழியாகப் பனி உள்ளே விழுந்துகொண்டிருந்தது. திருட்டு என்று நினைத்து வீட்டுக்குள் ஓடினேன். அப்பா சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள ராய்ஸ் டிராக்டர் கொண்டாந்து எடுத்துட்டுப் போனான். நான்தான் குடுத்தேன்" என்றார்.

"அது நான் செஞ்சதுப்பா."

"யாரு இல்லன்னா? நீ ஒத்தப் பொண்ணு, எத்தன வாளி சாறு தூக்குவ? அவங்க பக்கம் மலை முழுக்க மேப்பிள் மரம்."

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா? அவன் முன்னாடி நீ வாயத் தொறந்து பதில் சொல்லிடுவியா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். நான் பதில் சொல்லவில்லை. அதனால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிட்டது.

அந்த அடுப்பு என்னவென்று உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா? பழைய எண்ணெய் டாங்க்கை நீளவாக்கில் அறுத்தவள் நான். மூடிப்போன பால் பண்ணையின் எவர்சில்வர் தொட்டியிலிருந்து தகடு வெட்டி, நான்கு அறை கொண்ட கொப்பரை செய்தவள் நான். வெல்டிங் கற்றுக்கொள்வதற்காக இரண்டு குளிர்காலம் டெல்பர்ட் பட்டறையைக் கூட்டியிருக்கிறேன். முதல் வருஷம் பற்றவைத்த தையல் எல்லாம் ஒழுகியது. சாறெல்லாம் நெருப்பில் போனது. போன வருஷம் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

திருப்பிக் கொண்டுவந்து வைக்கச் சொல். பேசாதவள் ஒன்றும் செய்ய மாட்டாள் என்று நினைத்துவிடாதே.

லூசெட்


வெஸ்ட் கார்ரிக்
பிப்ரவரி 16

என் அருமைத் தங்கச்சி லூசெட்டுக்கு,

நீ அடித்தாலும் நான் அக்காதான். அதை அடிக்க உன் பேனாவில் மை போதாது.

கடிதம் வந்த அன்றே போன் செய்தேன். நீதான் எடுத்தாய். அந்த மூச்சு எனக்குத் தெரியாதா? "பேசுடி, திட்டவாவது திட்டுடி" என்று கத்தினேன். வைத்துவிட்டாய். சரி, எழுதியே சண்டை போடுவோம்.

அம்மா போன பிறகு உனக்காகப் பேசியது யார்? பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் நான், பல் டாக்டரிடம் நான், நீ பதினைந்து வயதில் படிப்பு வேண்டாம் என்று கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டபோது அப்பாவிடம் நான். உன் நாக்காகவே என் சிறுவயது முழுவதும் போய்விட்டது. கல்யாணம் ஆகி வந்த பிறகு ஒரு தரமாவது எனக்கு நீயாகக் கடிதம் போட்டாயா? ஒரு பழைய டாங்க் காணாமல் போனதும்தான் எனக்குக் கடிதம் வருகிறது.

இங்கே என் நிலைமை உனக்குத் தெரியாது. மர ஆலை மூடியதிலிருந்து ராய்ஸ் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் துடைப்பத்தைப் பிடிக்கும் விதம் சரியில்லை என்கிறார். முதியோர் இல்லத்துச் சமையலறையில் பகலெல்லாம் நின்றுவிட்டு வந்து இதைக் கேட்கிறேன். அந்த அடுப்பு வந்ததிலிருந்து மனிதர் கொட்டகையே கதியென்று கிடக்கிறார். விசிலடிக்கிறார். எனக்கு மூச்சு வருகிறது. தங்கச்சி பொருள் அக்கா வீட்டுக்குத்தானே வந்திருக்கிறது, யாரோ வீட்டுக்கா போய்விட்டது? பருவம் தொடங்கியதும் நீயும் வா. சேர்ந்து காய்ச்சுவோம்.

நொயெலா


லாஃபோர்ட் ஹாலோ
பிப்ரவரி 21

நொயெலாவுக்கு,

நான் அடுப்பைக் கேட்டேன். நீ என்னைக் கூலிக்குக் கூப்பிடுகிறாய்.

எனக்காகப் பேசினாய். உண்மைதான். டிராக்டர் வந்த அன்றைக்கும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். "அவளக் கேட்டீங்களா?" என்று இரண்டே சொல். அன்று மட்டும் உன் நாக்குக்கு என்ன ஆயிற்று?

உன் ராய்ஸ் விசிலடிக்கட்டும். பார்க்கிறேன்.

லூசெட்


வெஸ்ட் கார்ரிக்
மார்ச் 5

லூசெட்,

இதைப் படித்துவிட்டு நீ சிரிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

வெயில் வந்து மரங்களில் சாறு இறங்கிவிட்டது. வாளியெல்லாம் நிரம்பி வழிகிறது. ஆனால் உன் அடுப்பு தூங்குகிறது. விடியும்போது விறகு வைத்தால் பொழுது சாயும்வரை கொப்பரை ஓரத்தில் ஏதோ முனகல் கேட்கிறது, அவ்வளவுதான். புகைபோக்கி மட்டும் சிவக்கச் சிவக்கக் காய்கிறது. நேற்று ராய்ஸ் அதைக் காலால் உதைத்து, "இது அடுப்பா, ஐஸ் பெட்டியா? உன் தங்கச்சி வேணும்னே கெடுத்து வச்சிருக்கா!" என்று குதித்தார். உதைத்த கால் இன்னும் வீங்கியிருக்கிறது.

புளித்துப்போன பாதிச் சாற்றைக் கீழே கொட்டினோம். இப்படியே போனால் இந்தப் பருவம் போய்விடும். மறுபடியும் அவர் நாற்காலிக்கும் என் துடைப்பத்துக்கும் நடுவில் நான் மாட்டிக்கொள்வேன்.

எனக்காக இல்லாவிட்டாலும், அந்த அடுப்புக்காகவாவது ஒரு வழி சொல்.

நொயெலா


லாஃபோர்ட் ஹாலோ
மார்ச் 8

நொயெலாவுக்கு,

மாட்டுக் கொட்டிலில் நின்று படித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, மாடுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

கெடுத்து வைக்கவில்லை. அவர்தான் அடுப்பின் வயிற்றைக் கொட்டிவிட்டு வெறும் தோலை எடுத்துப் போயிருக்கிறார். கொட்டகையில் விட்டுப்போன மணலும் கல்லும் எதற்கு இருந்தன என்று ஒரு நிமிஷம் யோசித்தாரா? விறகு எரியும் இடத்துக்குப் பின்னால் மணலைச் சரிவாகக் கொட்ட வேண்டும். புகைபோக்கிக்குப் போகப் போக மேடு உயர வேண்டும். அதன்மேல் சூளைக்கல் பதிக்க வேண்டும். முடிவில் கல்லுக்கும் கொப்பரைக்கும் நடுவே ஒரு கை போகும் சந்துதான் இருக்கலாம். அப்போதுதான் தீ கொப்பரையின் அடியை நக்கிக்கொண்டே போகும். இப்போது உங்கள் தீ நேராக வானத்துக்குப் போகிறது. நீங்கள் மேகத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

விறகை மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளக்கச் சொல். கட்டையைத் திணித்துவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போட வேண்டும்.

ஏன் சொல்கிறேன் என்று கேட்காதே. என் அடுப்பு தூங்குமூஞ்சி என்று ஊரில் யாரும் சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

லூசெட்


வெஸ்ட் கார்ரிக்
மார்ச் 14

லூசெட்,

கொதிக்கிறதடி! கொப்பரை முழுக்க உருண்டு உருண்டு கொதிக்கிறது. கொட்டகைக்குள் எதிரில் நிற்பவர் முகம் தெரியாத அளவுக்கு ஆவி. முதல் அறையில் சாறு தண்ணீராக நுழைந்து நான்காவது அறையில் பொன்னிறமாக வடிகிறது. நேற்று வடித்ததை இரவுச் சாப்பாட்டில் பான்கேக்கில் ஊற்றிச் சாப்பிட்டோம். ராய்ஸ் தட்டை நக்கினார். நான் பார்க்காதது போல இருந்தேன்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன். வரும் 24ஆம் தேதி எங்கள் ஊரில் திறந்த கொட்டகை ஞாயிறு. பாகு காய்ச்சுவதைப் பார்க்க வழக்கம்போல எல்லோரும் வருவார்கள். பனியில் சூடாகப் பாகு ஊற்றித் தருவோம், நான் டோனட் சுட வேண்டும், இனிப்பு திகட்டாமல் இருக்கக் கடித்துக்கொள்ள ஊறுகாய் வெள்ளரி வாங்கியாகிவிட்டது. ராய்ஸ் வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார். "ராய்ஸ் டாட்ரோ சொந்தமாக வடிவமைத்த அடுப்பு. இதேபோல் செய்து தரப்படும்." சிவப்புப் பெயிண்ட்.

"சொந்தமாவா?" என்று கேட்டேன்.

"மணலும் கல்லும் யாரு அடுக்குனா? நான்தானே?" என்றார்.

"அவ எழுதுனத வாசிச்சது நான்தானே?"

"அதான் சொல்றேன், எழுதுறவ எல்லாம் செஞ்சவளாயிடுவாளா? அவ வந்து ஊரு முன்னாடி நின்னு பேசட்டும், பலகைய எறக்கிடுறேன்."

நீ வர மாட்டாய் என்று அவருக்குத் தெரியும்.

கொதி ஏறியதிலிருந்து நுரை பொங்கி வழிகிறது. வெண்ணெய் போட்டால் அடங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் எந்த அறையில் எவ்வளவு என்று உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஊர் முன்னால் பொங்கி வழிந்தால் அசிங்கம் என்கிறார். கேட்கச் சொன்னதால் கேட்கிறேன்.

நொயெலா


லாஃபோர்ட் ஹாலோ
மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

கொதிக்கிறது என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. நீ சொன்னதையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். உனக்கும் அங்கே கஷ்டம்தான். உறவுக்குள் என் பொருள் உன் பொருள் என்று என்ன இருக்கிறது? பலகையைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. ஊர் முன்னால் பேசுவதற்கும் ஒருவர் வேண்டுமே.

நுரைக்கு வழி சுலபம். வெண்ணெயை மூன்றாவது அறையில் போடச் சொல். வால்நட் அளவு உருட்டி, மூன்றாவது அறையின் நடுவில். நிறையப் பேர் வரும் நாளில் தீ வலுவாக இருக்கும் என்பதால் இரண்டு உருண்டையாகவே போட்டுவிடலாம். போட்டபின் ஒன்றும் பார்க்க வேண்டியதில்லை. அவர் வந்தவர்களிடம் தாராளமாகப் பேசிக்கொண்டிருக்கலாம்.

மணல் விஷயத்தில் நான் சொன்னது சரியாக இருந்தது அல்லவா? இதுவும் அப்படித்தான்.

ஞாயிறு நன்றாக நடக்கட்டும். என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் எழுது.

உன் தங்கை
லூசெட்


லாஃபோர்ட் ஹாலோ
மார்ச் 22

நொயெலாவுக்கு,

இது ஞாயிற்றுக்கு முன் கிடைத்தால்: மூன்றாவது அறை வேண்டாம். முதல் அறை. சாறு உள்ளே வரும் இடத்தில், பட்டாணி அளவு போதும்.

அவர்மேல் இரக்கப்பட்டு எழுதவில்லை. அவர் முகம் கருகினாலும் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாவது அறையின் தையலை நான் மூன்று முறை பிரித்துப் போட்டிருக்கிறேன். அந்த அறை முதல்முதலாக ஒழுகாமல் நின்ற அன்று அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன். நேற்று கனவில் அது கருகும் நாற்றம் வந்தது.

போன் செய்து சொல்லிவிடலாம் என்று உன் எண்ணைச் சுழற்றினேன். ராய்ஸ் எடுத்தார். "ஹலோ, யாரு? பேசுறீங்களா, இல்ல வைக்கட்டுமா?" என்றார். ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். அவரே வைத்துவிட்டார்.

அதனால்தான் தபால். இது நேரத்துக்கு வந்து சேராது என்று எனக்கே தெரிகிறது.

லூசெட்


வெஸ்ட் கார்ரிக்
மார்ச் 26

லூசெட்,

உன் வெள்ளிக்கிழமைக் கடிதம் திங்கட்கிழமை வந்தது. சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். வீடு முழுக்க இன்னும் கருகிய சர்க்கரை நாற்றம்தான். திரைச்சீலை, என் தலைமுடி, நாயின் ரோமம் வரைக்கும்.

ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

கொட்டகை நிறைய ஆள். பாஸ்டர் வந்தார், தபால்காரர் குடும்பத்தோடு வந்தார், டெல்பர்ட் உங்கள் பக்கத்திலிருந்து வண்டி போட்டு வந்தார். ராய்ஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பலகைக்குக் கீழே நின்றார். "எப்படிங்க இந்த யோசன வந்துச்சு?" என்று பாஸ்டர் கேட்டார். "சின்ன வயசுலேருந்தே இந்த மாதிரி வேலையில ஒரு கை உண்டுங்க" என்றார் ராய்ஸ். டெல்பர்ட் டோனட்டை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஊறுகாய்ப் பாட்டிலைப் பார்த்தேன்.

நுரை ஏறியது. ராய்ஸ் மந்திரவாதி மாதிரி ஒரு வெண்ணெய் உருண்டையை எடுத்து எல்லோருக்கும் காட்டிவிட்டு மூன்றாவது அறையில் போட்டார். பிறகு இன்னொன்று. நுரை பட்டென்று உட்கார்ந்தது. கைதட்டினார்கள்! அவர் குனிந்து வணக்கம்கூட வைத்தார். அதற்குள் உள்ளே நடக்க வேண்டியது நடக்கத் தொடங்கிவிட்டது. நுரை உட்கார்ந்த அறைக்குள் இரண்டு பக்கத்துச் சாறும் பாய்ந்தது. நான்காவது அறைக்குப் போய் வடிய வேண்டிய இனிப்பெல்லாம் திரும்பி வந்து மூன்றாவது அறையில் சிக்கிக்கொண்டது. வடித்தெடுக்க அங்கே குழாய் ஏது? அவர் முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். குமிழிகள் பெரிதாகிச் சோம்பலாக வெடிப்பதை நான் பார்த்தேன். நிறம் மாறுவதைப் பார்த்தேன். அப்புறம் அடிபிடித்தது. கரும்புகை. விறகுத் தீயை என்ன திருகியா அணைக்க முடியும்?

"தண்ணி, தண்ணி!" என்று யாரோ கத்தினார்கள். பாஸ்டர் பாகு ஊற்ற வைத்திருந்த பனித் தட்டைத் தூக்கி அப்படியே கொப்பரையில் கொட்டினார். அவரைப் பார்த்து எல்லோரும் கொட்டினார்கள். தகடு அலறியது, லூசெட். ஒரு மிருகம் மாதிரி அலறி வளைந்தது. தபால்காரர் பெண்டாட்டி, "என்ன ராய்ஸ், சொந்தக் கண்டுபிடிப்பு இப்படிக் கத்துது?" என்று கேட்டாள். கொட்டகையே சிரித்தது.

அப்போதுதான் அவர் சொன்னார். முகமெல்லாம் கரி, சட்டையெல்லாம் கரி. "இது நான் செஞ்சதே இல்ல! இவ தங்கச்சி செஞ்சது! அந்த ஊமப் பொண்ணு செஞ்ச குப்ப இது! மொத்தமும் அவளோடது, எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல!" இரண்டு தரம் சொன்னார். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

ஆக, உன் பெயர் ஊர் முன்னால் வந்துவிட்டது. இப்படித்தான் வந்தது.

இப்போது என் பங்கு. வெண்ணெய் எந்த அறையில் போடுவது என்று எனக்குத் தெரியாதா? உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்பாவின் பழைய கொப்பரைக்கு வெண்ணெய் போட்டவள் நான். நுரை பொங்கிய முதல் நாளே ராய்ஸிடம், "நுரைக்கு வெண்ணெய் மொத அறையில, கொஞ்சூண்டு" என்று சொன்னேன். "நீ போய் டோனட் சுடு. தெரிஞ்சவள கேட்டு எழுது" என்றார். கேட்டு எழுதினேன். உன் பதிலில் அன்புள்ள அக்கா என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. நீ அப்படி எழுதுபவள் இல்லை. அவருக்கு அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "மூணாவது அறையா, நல்லாக் கேட்டுச்சா?" என்று கேட்டு, மறுபடியும் வாசித்தேன்.

உன் வெள்ளிக்கிழமைக் கடிதம் சனிக்கிழமையே வந்திருந்தாலும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டேன். ஐந்து வருஷமாக என் கையிலிருக்கும் கரண்டியிலிருந்து துடைப்பம் வரைக்கும் குறை சொல்லக் கேட்டவள் நான். அந்தக் கரும்புகையில் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது.

அடுப்பு முற்றத்தில் கிடக்கிறது. பழைய இரும்புக்காரனுக்குப் போடப் போவதாகச் சொல்கிறார்.

நொயெலா


லாஃபோர்ட் ஹாலோ
ஏப்ரல் 2

நொயெலாவுக்கு,

நீ வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் வந்தேன். நீ பக்கத்தில் நின்றால் எனக்காக நீ பேசிவிடுவாய்.

டெல்பர்ட் வண்டியை ஓட்டினார். சொல்ல வேண்டியதை வழி முழுக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். உங்கள் ஊர்ப் பாலம் வந்தபோது அவர், "எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சும்மா. முடியலன்னா சொல்லு, நான் சொல்லிடுறேன்" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

ராய்ஸ் முற்றத்தில் பலகையின் சிவப்புப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"என்ன வேணும்?"

"அடுப்ப எடுக்க வந்தேன்."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு அடுப்ப யாரு எடுக்கிறது? உங்கப்பா எனக்குக் குடுத்தது."

"ஞாயித்துக்கிழம நீங்க என்ன சொன்னீங்க? மொத்தமும் என்னோடதுன்னு சொன்னீங்க. உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னீங்க. ஊரே கேட்டுச்சு."

"அது கோவத்துல சொன்னது."

"அப்ப நீங்க செஞ்சதா? சரி, இப்ப சொல்லுங்க. டெல்பர்ட் கேட்டுக்கட்டும். கருகிப்போன அந்த அடுப்பு ராய்ஸ் செஞ்சதுதானாம்னு திரும்பிப் போறப்ப பாஸ்டர் வீட்லயும் தபால் ஆபீஸ்லயும் நின்னு சொல்லிட்டுப் போறோம்."

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றிவிட்டு, "சொல்லுங்க ராய்ஸ், நான் ரெடி" என்றார்.

உன் வீட்டுக்காரர் அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "எடுத்துட்டுத் தொலைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டெல்பர்ட்டும் நானும் உருட்டி ஏற்றினோம். வழியில் நான் இன்னும் இரண்டு தரம் அதையே சொன்னேன், சும்மா, என் குரலைக் கேட்பதற்காக.

மூன்றாவது அறை போய்விட்டது. வெட்டி எறிந்துவிட்டு வேறு தகடு வைக்க வேண்டும். மற்ற மூன்றும் தேய்த்தால் வந்துவிடும். இந்த முறை கொட்டகைக்குப் பூட்டு போட்டிருக்கிறேன். அப்பா சாவி கேட்டார். "எதுக்கு?" என்று கேட்டேன். அவர் சூப்புக் கிண்ணத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உனக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. நீ தெரிந்தேதான் வாசித்தாய். உன் ஒரு நிமிஷ சுகத்துக்கு எரிந்தது என் கொப்பரை. நான் எழுதியது என் பழிக்கு, நீ அதை எடுத்து உன் பழிக்கு வைத்துக்கொண்டாய். முதலில் என் அடுப்பு, பிறகு என் பழியும். அக்கா என்று எழுதலாமா என்று இந்தக் கடிதத்திலும் யோசித்தேன். இன்னும் நாளாகும்.

ராய்ஸிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடு. ஏற்றுவதற்கு முன் அடுப்பில் கிடந்த சாம்பலையெல்லாம் வாரி உங்கள் வாசற்படியில் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். அவர் கொண்டுவந்த விறகில் எரிந்த சாம்பல். அது அவருடையதுதான், நான் எடுத்துக்கொள்ளவில்லை.

லூசெட்